கடற்கரையில் ‘காலி இடம்’ என்று ஒன்று உண்டா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை லூப் ரோடுக்கு மீன் வாங்கப் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதுதான். ஒரு பக்கம் நொச்சிக்குப்பம் வீடுகள், எதிர்ப்பக்கம் மணலில் ஏற்றிவைத்த ஃபைபர் படகுகள், நடுவில் சாலை. 2023 ஏப்ரலில், சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற விவகாரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. மாநகராட்சி கடைகளை அகற்ற, மீனவர்கள் சாலையில் இறங்கினார்கள். சாலை வருவதற்கு முன்பே குப்பம் இருந்தது என்பது அவர்கள் வாதம். 2024 ஆகஸ்டில் 366 கடைகளுடன் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. விற்க இடம் கிடைத்துவிட்டது, சரி. மணல்?

மெரினாவில் இந்தச் சண்டை பழையது. 1985-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், கடற்கரையை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போய், அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. மீனவர்கள் உயிரிழந்தார்கள். கட்டுமரம் இல்லாத மணல்தான் அழகு என்று யார் முடிவு செய்தார்களோ!

சுற்றுலா வருபவர் கண்ணுக்குக் கடற்கரை வெறும் மணல். மீனவருக்கு அது பட்டறை. கரைவலை இழுப்பதைப் பார்த்திருந்தால் புரியும். வலையின் ஒரு பக்கக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, படகு கடலுக்குள் அரைவட்டம் அடித்து, மறுபக்கக் கயிற்றைத் தள்ளி வேறோர் இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு கோஷ்டிகள் இரண்டு கயிற்றையும் இழுத்தபடியே நெருங்கி வருவார்கள். அதற்கு நீளமான, தடையில்லாத கரை வேண்டும். மீன் வந்ததும் அங்கேயே ஏலம். மிஞ்சிய நெத்திலி அதே மணலில் காயும். மதியத்தில் அங்கேதான் வலையின் கிழிசலைச் சரிசெய்வார்கள். மழைக்காலத்தில் கடல் ஏறி வந்தால் படகை இன்னும் மேலே தள்ளி வைக்கவும் இடம் வேண்டும். வருடத்தில் பத்து மாதம் சும்மா கிடப்பதுபோலத் தெரியும் மணல், புயல் நாளில் மொத்த ஊரின் படகுகளையும் தாங்கும்.

சிக்கல் என்னவென்றால், இதற்கெல்லாம் பட்டா கிடையாது. வருவாய்த் துறைக் கணக்கில் பெரும்பாலும் புறம்போக்கு. ஊர் முழுக்கப் பொதுவாகப் பயன்படுத்தும் இடம் என்பதால் தனியாக யார் பேரிலும் இல்லை. யார் பேரிலும் இல்லாததைத்தான் ‘காலி இடம்’ என்று சுலபமாகச் சொல்லிவிட முடிகிறது.

சட்டம் காப்பாற்றவில்லையா? 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப்புறக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குப் புதிய கட்டடங்கள் கூடாது என்றது. 2019 அறிவிக்கையோ, மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமப்புறங்களில் அந்த 200-ஐ 50 ஆக்கியது. தற்காலிகச் சுற்றுலா வசதிகளை அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளியே அமைக்கலாம் என்றும் சொன்னது. உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கலாம் என்ற சலுகையும் அதில் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குக் கடலோரத்தில் வீடு மிஞ்சியிருக்க வேண்டும்.

ஏனென்றால் நடுவில் சுனாமி வந்துபோனது. 2005 மார்ச்சில் தமிழக அரசு போட்ட அரசாணை 172-ன்படி, 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு கிடைக்கும், பழைய இடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். போக மறுத்தால் உதவி இல்லை. பாதுகாப்பு என்ற காரணம் நியாயமானது. ஆனால் ‘எங்களுக்கு ஆபத்தான கரை, ரிசார்ட்டுக்கு மட்டும் ஆபத்தில்லையா?’ என்று மீனவர்கள் அன்று கேட்டதும் நியாயம்தானே?

சுற்றுலாவே வேண்டாம் என்று எந்தக் குப்பமும் சொல்வதில்லை. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ வீட்டுப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் தேசிய அளவில் பேர் வாங்கியிருக்கிறார்கள், பயிற்சியாளர்களாகச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். அவர்கள் கரை அவர்களிடம் இருந்ததால் அது நடந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் பல இடங்களில், மதில்களுக்குப் பின்னால் கடல் இருப்பதே தெரியாது. இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்குப் பொதுமக்கள் போகவர இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது ஜன்னல் வழியே எண்ணிப் பாருங்கள்.

இப்போது மீனவர் சங்கங்கள் விடாமல் பேசுவது வரைபடத்தைப் பற்றி. மாநில அரசு தயாரிக்கும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவ ஊர்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் காயவைக்கும் களங்கள் எல்லாம் குறிக்கப்பட வேண்டும். தமிழக வரைவுகள் வெளியானபோது, பல ஊர்களும் பொது இடங்களும் விடுபட்டிருப்பதாகத்தான் புகார் வந்தது. வரைபடம் குறித்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் மாவட்ட அளவில் நடக்கும். வாரநாளில், காலையில். கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பும் நேரம் அது.