பெரிய டிஸ்க் போட்டால் தீர்ந்துவிடுமா?

"ஒரு டிபி டிஸ்க் இருக்கிறது. முக்கால்வாசி சும்மா கிடக்கிறது. ஆனால் லாக் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது என்று பெட்டி கத்துகிறது!" பயர்வால் பராமரிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. இதற்கு அடியில் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: டிஸ்க்கை அறை அறையாகத் தடுத்து வைப்பது பழைய காலத்து வழக்கம், தடுப்பையெல்லாம் எடுத்துவிட்டுப் பெரிய டிஸ்க்காகப் போட்டால் தொல்லை ஒழியும். இந்த நம்பிக்கை தவறு. மூணாறு போன்ற மலையூரில் ஆபத்தும்கூட.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லாக் வரி 500 பைட். விநாடிக்கு 100 வரி எழுதும் பயர்வால் ஒரு நாளில் 4.3 ஜிபி நிரப்பும். வெளியிலிருந்து ஒருவன் வேண்டுமென்றே குப்பை இணைப்புகளைக் கொட்டி, அந்த 100 வரியைப் பத்தாயிரமாக்கினால்? ஒரே நாளில் 432 ஜிபி. தடுப்பில்லாத டிஸ்க்கில் இந்த வெள்ளம் நேராக இயங்குதளம் குடியிருக்கும் ரூட் பகுதிக்குள் பாயும். அதன்பின் புதிய விதியைச் சேமிக்க முடியாது; தற்காலிகக் கோப்பு எழுத முடியாமல் நிரல்கள் ஒவ்வொன்றாக விழும்; சில சமயம் நிர்வாகியே உள்ளே நுழைய முடியாது. லாக்குக்குத் தனி அறை இருந்தால் நிரம்புவது அந்த அறை மட்டும்தான். வாசலைக் காக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இதனால்தான் இறுக்கமாக அமைக்கப்படும் லினக்ஸ் கணினிகளுக்கான சிஐஎஸ் (இணையப் பாதுகாப்பு மையம்) வழிகாட்டிகள் தற்காலிகக் கோப்புகள், லாக், தணிக்கைப் பதிவு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகளைப் பரிந்துரைக்கின்றன. தற்காலிகப் பகுதியிலிருந்து எந்த நிரலும் ஓடக்கூடாது என்று பூட்டுப் போடவும் சொல்கின்றன. அந்தப் பூட்டைத் தனிப் பகுதிக்குப் போடலாம்; மொத்த டிஸ்க்குக்கும் போட்டால் கணினியே ஓடாது.

சரி, அந்தச் "சும்மா கிடக்கும்" முக்கால்வாசி? பயர்வால் நிறுவனமான செக் பாயிண்ட் 2012-இல் வெளியிட்ட கையா இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். ரெட் ஹேட் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. அதில் ரூட்டுக்கு ஒரு பகுதி, லாக்குக்கு ஒரு பகுதி; மிச்சம் யாருக்கும் ஒதுக்காமல் விடப்படும். மேம்படுத்துவதற்கு முன் எடுக்கும் ஸ்னாப்ஷாட் குடியிருப்பது அங்கேதான். மேம்படுத்தல் கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்ப அதுதான் வழி. அந்த இடத்தை லாக்குக்குத் தின்னக் கொடுத்தவர் திரும்பும் வழியை அடைத்துக்கொள்கிறார். புதிய பதிப்புகளில் இருக்கும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையைப் பெரிதாக்கலாம், பிறகு சுருக்க முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான்.

மூணாறில் இதன் விலை அதிகம். 2018 ஆகஸ்ட் மழையில் ஊரே துண்டிக்கப்பட்டது. தேவிகுளத்துக்கும் போடிமெட்டுக்கும் இடையே கேப் ரோட்டில் 2019, 2020 ஆண்டுகளில் மலை சரிந்து பாதையை மூடியது. எஸ்டேட் அலுவலகத்திலோ விடுதியிலோ ஒரு பயர்வால் முடங்கினால், கொச்சியிலிருந்து 130 கிலோமீட்டர் ஏறி ஆள் வர வேண்டும். இல்லையென்றால் தேனியிலிருந்து போடிமெட்டு ஏறி வர வேண்டும். தொலைவிலிருந்து சரிசெய்யலாமென்றால், அந்த இணைப்பும் அதே பெட்டி வழியாகத்தான் வருகிறது.

மூணாறு இருக்கும் இடுக்கி மாவட்டத்துக்காரர்களுக்குக் காலி இடத்தின் அருமையை விளக்கவே வேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் 9 அன்று செருதோணி அணையின் மதகு 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. மறுநாள் ஐந்து மதகுகளும் திறந்தன. மழைக்காலத்தில் அணையில் எவ்வளவு இடம் விட்டுவைக்க வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வீட்டுத் திண்ணை வரை வந்தது. அணைக்குப் புரிந்தது டிஸ்க்குக்குப் புரியாமல் போவதேன்?

எதிர்த்தரப்பு டொயோட்டாவைக் காட்டலாம். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் அந்நிறுவனத்தின் 14 ஆலைகளும் நின்றன. இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்பின்போது டிஸ்க்கில் இடம் போதாமல் போனதே காரணம் என்று நிறுவனமே அறிவித்தது. பெரிய சர்வருக்கு மாற்றித்தான் மீண்டார்கள், உண்மை. ஆனால் ஆபத்துக்கு வைத்திருந்த மாற்று சர்வர் ஏன் கைகொடுக்கவில்லை? அதுவும் அதே அமைப்பில் ஓடியது, அதே பிழையில் அதுவும் விழுந்தது. இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை.

பெரிய டிஸ்க்குக்கும் வரம்பு உண்டு. 1983-இல் வந்த எம்பிஆர் பகுதி அட்டவணை 32 பிட் எண்ணில் கணக்கு வைக்கிறது. 512 பைட் துண்டுகளாக எண்ணினால் சுமார் 2.2 டிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. அந்த அட்டவணையோடு ஓடும் பெட்டியில் நான்கு டிபி டிஸ்க்கைச் செருகினால் கிட்டத்தட்டப் பாதிக் காசு வீண்.

புலம்புபவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. ரூட் பகுதியைக் கஞ்சத்தனமாக வைத்து விற்ற பெட்டிகள் இருக்கின்றன. நாலு மேம்படுத்தலுக்குள் அவை மூச்சுத் திணறும். அந்தக் குற்றம் சுவரை எங்கே கட்டினார்கள் என்பதில் இருக்கிறது. கட்டியதில் இல்லை.

2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. மேலே போட்ட விநாடிக்கு 100 வரிக் கணக்கில் அது 778 ஜிபி. அதைப் பயர்வாலுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று உத்தரவு சொல்லவில்லை. சிஸ்லாக் வழியாக வேறொரு சர்வருக்கு அனுப்பினால் போதும். பெட்டியில் சில நாள் லாக், வெளியே 180 நாள் லாக். லாக் பகுதி 80 சதவீதம் நிரம்பியதும் எச்சரிக்கை வரும்படி அமைக்க அரைமணி நேரம் ஆகும். ஜூன் மழைக்கு முன் கூரை ஓடு மாற்றும் அதே வாரத்தில் அதைச் செய்துவிடலாம்.