வண்டி பார்க்கப் போறீங்களா? மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க!

சென்ற வருடம் எங்கள் வீட்டில் ஒரு வண்டி வாங்கினோம். புதுசு இல்லை, பழசுதான். இப்போது எஸ்.யு.வி. என்கிறார்களே, அந்த ஜீப் மாதிரி உசரமான வண்டி. என் ஆரத்தை விற்ற பணம் பாதி, பால் பணத்தில் சேர்த்தது பாதி. ஆனால், வண்டி பார்க்கக் கிளம்பும்போது என்னவர் என்ன சொன்னார் தெரியுமா? "பொம்பளைக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? வெயில்ல நின்னு நீ என்ன பண்ணப் போறே?"

ஆரம் கழற்ற மட்டும் பொம்பளை வேண்டும். வண்டி பார்க்க வேண்டாமாம்! இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரும் அவர் சிநேகிதரும் போய் ஒரு கறுப்பு வண்டியைப் பார்த்து, புரோக்கரிடம் 20 ஆயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்தார்கள். பளபளவென்று பெயின்ட், பெரிய சக்கரம், மேலே திறக்கிற கண்ணாடிக் கூரை! நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஒரே சந்தோஷம். மீதிப் பணம் கட்டுகிற அன்று என் மாமியார், "நானும் ஒரு எட்டு வந்து பாத்துக்கறேன் கண்ணு" என்று கிளம்பிவிட்டார். அவர் துணைக்கு நானும் போனேன்.

முதல் பரீட்சையை அத்தைதான் வைத்தார். அவருக்கு முட்டி வலி. கதவைத் திறந்து காலைத் தூக்கிப் பார்த்தார். முடியவில்லை. "ஏஞ்சாமி, இதுல ஏற ஏணியும் சேத்துத் தருவீங்களா?" என்று புரோக்கரிடம் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால், யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அந்த வண்டியில் போகப் போகிறவர் அவர்தானே?

அத்தையை ஏற்றிவிட உள்ளே குனிந்தேன். ஒரே சென்ட் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாடை! தண்ணீரில் ஊறி, சரியாகக் காயாத துணியின் வாடை. தினமும் துணி துவைக்கிற நமக்கு அது தெரியாதா? கூட வந்த மெக்கானிக் தம்பியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். நுனி வரை சேறு படிந்த கோடு! மிதியடியைத் தூக்கினால் அடியில் துரு. வெள்ளத்தில் முழுகின வண்டி. "வயருக்குள்ள தண்ணி போயிருந்தா இன்னிக்கு ஓடும், நாளைக்கு நடுரோட்ல நிக்கும் அக்கா" என்றார் அந்தத் தம்பி. அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. போகட்டும், மீதி லட்சங்கள் தப்பித்ததே!

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம், 2023 டிசம்பரில் மறுபடியும் வெள்ளம். எத்தனை ஆயிரம் வண்டிகள் முழுகின! அதில் சிலது புதுச் சீட் உறை போட்டுக்கொண்டு நம் ஊர்ப் பக்கம் வராது என்று யார் சொல்ல முடியும்?

அன்று ராத்திரி நானும் அவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தோம். வண்டி எதற்கு? வருடத்தில் 300 நாளுக்கு மேல் அது செய்யப் போகிற வேலை, தவிட்டு மூட்டை, பருத்திக்கொட்டை, தேங்காய், பால் கேன் ஏற்றுவது. பிள்ளைகள் ஸ்கூல், ஆஸ்பத்திரி, சந்தை. இன்னொரு பத்துப் பதினைந்து நாள் திருச்செந்தூர், வால்பாறை, குலதெய்வம் கோயில் என்று தூரப் பயணம். அவர் பார்த்த வண்டி அந்தப் பதினைந்து நாளுக்கு! எனக்கு வேண்டியது 300 நாளுக்கு! பழைய வண்டி வாங்குகிற எல்லாரும் முதலில் இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பது என் கருத்து. வருடத்துக்கு 2 நாள் 12 பேர் போக வேண்டியிருந்தால், அந்த 2 நாளுக்கு வாடகை வேன் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக வருடம் முழுக்கப் பெரிய வண்டிக்கு டீசல் ஊற்ற வேண்டாம்.

அதன்பிறகு மூன்று மாதம் தேடினோம். இந்த முறை நான் இல்லாமல் அவர் கிளம்பவே இல்லை. தேடும்போது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இன்னோவா 2005-ல் வந்தது. மூன்றாவது வரிசையும் முன்பார்த்த சீட். உட்கார சுகம். ஆனால், பழசுக்கும் நல்ல விலை சொல்கிறார்கள். எர்டிகா 2012-ல் வந்தது. தரை தாழ்வு, வயசானவர்கள் சிரமமில்லாமல் ஏறலாம், பெட்ரோலிலும் கிடைக்கும். கடைசி சீட்டை விரித்துவிட்டால் சாமான் வைக்க இடம் கொஞ்சம்தான். டவேராவை விற்ற கம்பெனி 2017-ல் நம் நாட்டில் விற்பனையையே நிறுத்திவிட்டது. டாடா சுமோ 1994-ல் வந்து 2019-ல் நின்றுபோனது. விலை மலிவு என்று இந்த மாதிரி நின்றுபோன வண்டியை வாங்குமுன், உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் சாமான் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொலிரோ 2000-லிருந்து ஓடுகிறது. லாரி மாதிரி அடியில் தனிச் சட்டம், பின்னால் பட்டை ஸ்பிரிங். காலியாகப் போனால் தூக்கித் தூக்கிப் போடும். மூட்டை ஏற்றினால் அடங்கி ஒடுங்கிப் போகும். கிராமத்து மெக்கானிக்குக்கும் கை பழகின வண்டி. எங்களுக்கு அதுதான் சரிப்பட்டது. உங்களுக்கு வேறு சரிப்படலாம். டவுனில், வழவழப்பான ரோட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் குலுக்கல் தேவையே இல்லை.

'நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி' என்று சொல்லி விலை கூட்டுவார்கள். எஸ்டேட் சேற்றிலும் காட்டுப் பாதையிலும் தினம் போகிறவர்களுக்கு அது வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் தார் ரோடு. அதற்குப் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியே போதும்.

டீசலா, பெட்ரோலா என்பதும் முக்கியம். 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 விதி வந்துவிட்டது. அந்த விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கும். அது சுத்தமாக, வண்டி அவ்வப்போது நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். தினமும் ரெண்டு கிலோமீட்டரில் ஸ்கூலுக்குப் போய் வருவது மட்டும்தான் வேலை என்றால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்குப் பெட்ரோலே மேல்.

வண்டி தயாரான தேதியையும் பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் காருக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். 2019 ஜூலையிலிருந்து டிரைவருக்கு ஏர் பேக், பின்னால் போகும்போது கத்துகிற சென்சார், பெல்ட் போடாவிட்டால் எச்சரிக்கிற மணி எல்லாம் கட்டாயம். அதனால் விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று 2019 கடைசியில் வந்த வண்டியைத்தான் எடுத்தோம்.

பார்க்கப் போகும்போது காலையில், இன்ஜின் சூடாகும் முன்னே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருந்தால் அதிலேயே ஒரு சந்தேகம் வரவேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போகிறதோ என்று பார்க்க வேண்டும். மீட்டரில் 50 ஆயிரம் கிலோமீட்டர் காட்டும், ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருக்கும். எது பொய் சொல்கிறது? நம் வீட்டு அம்மியைப் பார்த்தால் எத்தனை வருஷம் அரைத்தது என்று நமக்குத் தெரியாதா, அது மாதிரிதான். டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் செய்தது. டயர் பழசு என்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

பேப்பர் விஷயத்தில் வெட்கமே படாதீர்கள். ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர், கடன் பதிவு இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதையெல்லாம் அரசாங்கத்தின் பரிவாகன் தளத்திலேயே பார்க்கலாம். என் பெரிய பையன் போனில் ரெண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தான். கடன் பதிவு இருந்தால், பேங்க் கொடுத்த சான்று வாங்கி அதை நீக்கின பிறகுதான் பணம். டாக்ஸியாக ஓடி ஓன் போர்டுக்கு மாற்றின வண்டியா என்றும் கேளுங்கள். டில்லியில் 10 வருஷம் தாண்டின டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வெளிமாநில வண்டி மலிவாக வருகிறது என்றால் காரணத்தைக் கேளுங்கள். இங்கே வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்தால் மலிவு எங்கே போகும் என்று தெரியாது. சொந்த வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குத்தான், அதன்பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

வாங்கின கையோடு பெயர் மாற்றுங்கள். 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் சொல்ல வேண்டும். வண்டி விற்கிற சகோதரிகளும் கவனியுங்கள். பெயர் மாற்றாத வண்டி மோதினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் வண்டியில் பின்பக்கம் எதிரெதிரே பார்த்த சைடு சீட்டுகள் இருக்கின்றன. ஆர்.சி.யில் 7 பேர். ஆனால், அந்த சைடு சீட்டில் யாரையும் ஏற்ற மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அதை மடக்கிவிட்டு மூட்டைதான் ஏற்றுகிறோம். பக்கவாட்டில் உட்கார்ந்தவரை, சடன் பிரேக் போட்டால் எது பிடித்து நிறுத்தும்? பின்னால் ஒரு லாரி இடித்தால் முதல் அடி யாருக்கு? அங்கேதான் எல்லார் வீட்டிலும் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம்!

பழனிக்குக் கிளம்பினபோது என் நாத்தனார் குடும்பமும் வந்தது. எல்லாருமாக ஒன்பது பேர். "பசங்க நாலும் பின்னால ஏறிக்கட்டும்" என்றார். முடியாது என்றேன். "ஏன் அண்ணி, சின்ன வயசுல நாமெல்லாம் டெம்போல மூட்டை மேல உக்காந்து போகலையா? ஆரம் வித்து வாங்குன வண்டின்னு இப்படிப் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். என்னவரும் என்னைத்தான் முறைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு கார் பேசி, அந்த வாடகையை நானே கொடுத்தேன். நாத்தனார் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்துபோனது ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு உயர்ந்த கார்! பின் சீட்டில் இருந்தார், பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. அந்தக் காரிலேயே அப்படி என்றால், பெல்ட்டே இல்லாத சைடு சீட்டில் நம் பிள்ளைகள்? பேச்சு வார்த்தை இல்லாமல் போனால் நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம். பிள்ளை போனால்?

அதே மாதிரி மேல் கேரியரில் மூட்டை அடுக்காதீர்கள். உசரமான வண்டி மேல் கனமும் சேர்ந்தால் வளைவில் சாயும். கனமானதைக் கீழே, சீட்டுக்கு ஒட்டினாற்போல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள். கட்டாத தேங்காய் ஒன்று, பிரேக் போட்டால் பின்மண்டைக்குத்தான் வரும்.

வண்டியை என் பெயரில் எழுதத்தான் ஆசைப்பட்டேன். ஓட்டுகிற ஓனருக்கு விபத்து என்றால் வருகிற 15 லட்ச ரூபாய் காப்பீடு, ஓனருக்கு லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும் என்றார்கள். என்னிடம் லைசென்ஸ் இல்லை. அதனால் அவர் பெயரில் எழுதினோம். இப்போது எல்.எல்.ஆர். போட்டிருக்கிறேன். அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா போ அம்மிணி" என்று சொல்ல ஆசைப்படுகிறார். லைசென்ஸ் வரட்டும் அத்தை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சகோதரிகளே, வண்டி வாங்குவது ஆண்கள் சமாசாரம் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். மூட்டை தூக்குவது நாம், வாந்தி எடுக்கிற பிள்ளையை மடியில் வைத்திருப்பது நாம், நகையைக் கழற்றுவதும் நாம்தான். அப்புறம் வண்டி பார்க்க மட்டும் நாம் வேண்டாமா? என்ன சொல்கிறீர்கள்?

- ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை.