வேலணை வளவில் பிளாஸ்டிக் புல்

சென்ற ஓகஸ்டில் வேலணைக்குப் போயிருந்தேன். என்னுடன் படித்த நண்பர் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரொறன்ரோவில் வாழ்பவர், தந்தையாரின் பழைய வீட்டைத் திருத்திக் கட்டிக்கொண்டிருக்கிறார். பின்வளவில் நின்ற இரண்டு பனைகளையும் ஒரு பூவரசையும் தறித்து, நிலத்தை மட்டப்படுத்திக் கயிறு பிடித்திருந்தார்கள். இருபது மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம். கீழே கொன்கிறீற், மேலே செயற்கைப் புல், சுற்றிவர உயரமான வலை. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து விரித்துத் தருவார்களாம்.

"பேரப்பிள்ளையள் வந்தால் விளையாட ஓரிடம் வேணும் மச்சான்" என்றார்.

அவருடைய தவிப்பை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது போனவர்களிற் பலர் திரும்பவேயில்லை. மூன்றாந் தலைமுறைக்கு இந்த ஊர் வெறும் வெக்கையும் நுளம்புமாகத் தெரியாதிருக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒருவர் நினைப்பது நல்ல எண்ணந்தான். ஆனால் அந்தக் கொன்கிறீற்றை நான் எதிர்க்கிறேன். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

தீவுகளில் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லும் மணலுமான நிலத்துக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. நடுவில் தடிப்பு, கரையோரத்தில் மெல்லிசு. நம் கிணறுகள் அள்ளுவது அதைத்தான். ஒக்டோபர் தொடங்கிப் பெய்யும் மாரிமழையே அதற்குப் பெருவரவு. மேலே நன்னீர் குறைந்தால் கீழேயிருந்து உப்பு ஏறும். நெடுந்தீவாரிடம் கேட்டால் உவர்நீர்க் கிணற்றோடு வாழ்வது எப்படியென்று சொல்வார்கள். குடாநாட்டின் தண்ணீர்த் தேவைக்காக 2024 ஓகஸ்டில் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமே திறக்க வேண்டியிருந்தது.

நண்பரின் களம் இருநூறு சதுர மீற்றர். ஆண்டுக்கு ஒரு மீற்றர் மழை பெய்தால் அதன்மேல் விழுவது இரண்டு இலட்சம் லீற்றர். எல்லாமே நிலத்துக்குள் போய்விடாது. வெயில் ஒரு பங்கைக் குடிக்கும், மரங்கள் ஒரு பங்கைக் குடிக்கும். ஆயினும் கொன்கிறீற் போட்டால் மிஞ்சுவதும் ஒழுங்கைக்கு ஓடி, அங்கிருந்து கடலுக்குப் போய்விடும். இழப்பு அவருக்கு மட்டுமல்ல. மதிலுக்கு அப்பால் உள்ள கிணறும் அதே வில்லையில்தான் வாய் வைத்திருக்கிறது.

நீர் கசியக்கூடிய கல்லடுக்கின் மேலும் விரிக்கலாமே என்று கேட்பீர்கள். விரிக்கலாம், கொன்கிறீற்றிலும் அது மேல். ஆனால் இழைகள் நிமிர்ந்து நிற்க, மணலுடன் பழைய ரயர்களை அரைத்த றப்பர்த் துகள்களையும் தூவும் வழக்கம் பரவலாக உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய பிளாஸ்டிக், றப்பர்த் துகள்களின் விற்பனைக்கு 2023இல் தடை விதித்து, விளையாட்டுத் திடல்களுக்கு மட்டும் எட்டாண்டு தவணை கொடுத்திருக்கிறது. கிணற்றடியிலிருந்து முப்பது அடியில் அதைக் கொட்டுவது புத்தியா? பத்து ஆண்டில் புல் தேய்ந்ததும் அதைச் சுருட்டி எங்கே போடுவது? எங்கள் ஊரில் எதற்கும் ஒரே வழிதான்: கோடிக்குள் போட்டு எரிப்பது.

இந்தப் புல் பெயர்பெற்ற கதையும் வேடிக்கையானது. 1965இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் கூரையிட்ட பெரும் விளையாட்டரங்கு ஒன்று திறந்தார்கள். கூரையின் ஒளிக்கூச்சத்தில் ஆட்டக்காரருக்குப் பந்து தெரியவில்லை என்று அதற்கு வர்ணம் பூசினார்கள். வெயில் குறைந்தது, புல் செத்தது. மறு ஆண்டு நைலோன் புல்லை விரித்தார்கள். வெயில் இல்லாத இடத்தில் பெயர்பெற்றதை நாம் வெயிலைத் தவிர வேறொன்றும் தாராளமாக இல்லாத தீவுக்குக் கொண்டுவருகிறோம். கடும் வெயிலில் இதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டுவதை அளந்திருக்கிறார்கள். தண்ணீர் தெளித்தால் ஆறும்; சிறிது நேரத்தில் மறுபடி சுடும். எந்தத் தண்ணீரைத் தெளிப்பது?

மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கான வேலையை 2025 செப்டெம்பர் 1ஆந் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். அந்தச் சதுப்புநிலம் என்னவாகும் என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. தனியார் வளவு என்றால் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை, நானும் இதுவரை திறந்ததில்லை.

நாங்கள் காலால் கோடு கீறிக் கிளித்தட்டு மறித்தது வெறும் மணலில். கரப்பந்தாட்டத்துக்கு இரண்டு பனங்குற்றியும் ஒரு வலையும் போதும். நண்பர் செலவழிக்கப்போகும் பணத்தில் ஊர் மைதானத்துக்கு மின்விளக்குப் போட்டால், அவருடைய பேரப்பிள்ளைகள் அயலவரின் பிள்ளைகளோடு மாலையில் ஆடலாம். அவர்கள் வந்து நிற்பது ஆண்டில் மூன்று கிழமை. மிச்ச நாட்களில் அந்த வலைக்குள் யார் ஆடுவது? நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பக்கத்து வீட்டுப் பொடியன்கள் இருவர் மதிலில் ஏறி இருந்து, இங்கே என்ன வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களும் வரலாம்தானே" என்றார் நண்பர். கேற்றின் திறப்பு யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். சிரித்தார்; பதில் சொல்லவில்லை.

சல்லி இறக்கியாயிற்று. கொன்கிறீற் இன்னும் போடவில்லை என்று போன கிழமை தொலைபேசியில் சொன்னார்.