ரேகை வைக்குமுன்...



கோலார் தங்கவயலில், பாலகாட் பகுதியில் பிறந்து வளர்ந்தவன் நான். "திருடனுக்குத்தான்டா ரேகை எடுப்பாங்க" என்று என் தாத்தா அடிக்கடி சொல்வார். அதன் பொருள் எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது.

ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கங்களை நிர்வகித்த காலம். தொழிலாளர்கள் கைரேகை பதிய வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து 1930-இல் தங்கவயலில் வேலைநிறுத்தம் நடந்தது. கம்பெனி அதைப் 'பதிவு' என்றது. எங்கள் ஆட்களுக்கோ அது அவமானம். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலும் இந்தியர் மீது இத்தகைய பதிவுச் சட்டம் பாய்ந்தது. 1908-இல் அங்கே காந்தியடிகள் தலைமையில் பதிவுச் சீட்டுகளைத் தீயிலிட்டனர். அந்தப் போராட்டத்தில் தமிழர் பலர் சிறை சென்றனர்.

ஆப்பிரிக்க அறிஞர்கள் பின்னாளில் இதை ஆழமாகச் சிந்தித்தார்கள். கானா நாட்டுத் தத்துவ அறிஞர் குவாசி விரெடு (1931-2022) ஒரு வழி காட்டினார். ஆட்சி செய்தவர் விட்டுச்சென்ற கருத்துகளை உங்கள் தாய்மொழியில் எண்ணிப் பாருங்கள். பொருந்துகிறதா என்று சோதியுங்கள் என்பதே அது. பள்ளிக்கூடம் போகாத என் தாத்தா செய்ததும் இதைத்தானே!

ஆனால் விரெடு அத்துடன் நிற்கவில்லை. முன்னோர் வழக்கம் என்பதற்காகவும் எதையும் அப்படியே ஏற்கக்கூடாது என்றார். இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வட ஆற்காடு, சித்தூர் பக்கங்களிலிருந்து சுரங்கத்திற்கு வந்தவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள். 'ஊர்', 'சேரி' இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள்தாம். அதனால் இரண்டுக்கும் நடுவே கிழித்த கோடு நியாயமாகிவிடுமா? பழைய பெருமை பேசும்போது இதை மறைப்பது, அந்தக் கோட்டைத் தாண்டி வந்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின, 2001-இல் மூடப்பட்டன. கம்பெனி போய்விட்டது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பத்திரங்களில் கட்டைவிரல் வைக்கும் பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு.

நம் பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் நன்றாகப் படிக்கிறார்கள். ரேகை வைக்குமுன் அந்தத் தாளைத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் படித்துச் சொல்லட்டும். சங்கத்தில் வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாமே! "இது நியாயமா?" என்று பெரியவர்கள் கேட்டால், பொறுமையாகப் பதில் சொல்லட்டும். அதே கேள்வியை நம் வீட்டு வழக்கங்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், நாமும் கோபப்படாமல் பதில் சொல்வோம்.