செகண்ட் ஹேண்ட் டீசல் வேனுக்கு ரீமேப்: பவர் ஏறும்... அதற்கான விலை என்ன?

செகண்ட் ஹேண்டில் டீசல் வேன் வாங்கி டூரிஸ்ட் பெர்மிட்டில் ஓட்டுபவர்களின் பொதுவான புகார் ஒன்று உண்டு. சமதளத்தில் நல்லா போற வண்டி, ஃபுல் லோடு ஏத்தினா மலையில் இழுக்க மாட்டேங்குது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடிப்பதற்குள் டிரைவருக்கு வியர்த்துவிடுகிறது.

இப்படிப்பட்டவர்களின் மொபைலில்தான் 'ரீமேப்' ரீல்ஸ் வரிசை கட்டி வருகின்றன. லேப்டாப்பை மாட்டினால் போதும், 20 முதல் 30 சதவீதம் வரை பவர் கூடும் என்கின்றன அந்த விளம்பரங்கள். அது பொய்யா? டர்போ டீசல் இன்ஜினில் பவரை ஏற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடிய ஒரு வாடகை வண்டிக்கு அது தேவையா, அதற்கான விலை என்ன என்பதை ரீல்ஸ் சொல்வதில்லை.

ரீமேப் என்றால் என்ன?

காமன் ரெயில் டீசல் இன்ஜினில் எவ்வளவு டீசல், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும் என்பதை முடிவு செய்வது இசியு என்ற சின்ன கம்ப்யூட்டர். டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதும் பல வண்டிகளில் அதன் கையில்தான் இருக்கிறது. இந்தக் கணக்குகள் அட்டவணைகளாக அதற்குள் பதிவாகியிருக்கும். அந்த எண்களை மாற்றி எழுதுவதுதான் ரீமேப்.

'டியூனிங் பாக்ஸ்' வேறு வகை. அது சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, டீசல் அழுத்தம் குறைவாக இருப்பதாக இசியுவிடம் பொய் சொல்லும். இசியு அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். இசியு இல்லாத பழைய வண்டிகளில் டீசல் பம்பில் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பியே இதைச் செய்தார்கள். வழி எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: கூடுதல் டீசல், கூடுதல் காற்று.

டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜினில் காற்றைக் கூட்ட வழியில்லை. அதனால் அங்கே பெரிய லாபம் கிடைக்காது. கரும்புகைதான் கூடும்.

கம்பெனியே ஏன் முழு பவரைக் கொடுக்கவில்லை?

கம்பெனி வேண்டுமென்றே பவரைப் பூட்டி வைத்திருக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. இதில் பாதிதான் உண்மை. இந்தியாவில் ஓடிய பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் இன்ஜினின் பவர் சுமார் 102 பிஎஸ். அதே குடும்பத்து இன்ஜின் வெளிநாட்டு ஹைலக்ஸ் வண்டிகளில் 144 பிஎஸ் வரை கொடுத்தது.

ஆனால் அது சாஃப்ட்வேரால் மட்டும் வந்த வித்தியாசம் இல்லை. வேறு வகை டர்போவும் இன்டர்கூலரும் அதற்குத் துணையாக இருந்தன. கம்பெனி பவரை ஏற்றும்போது, அதைத் தாங்கும் பாகங்களையும் சேர்த்தே மாற்றுகிறது. ரீமேப்பில் மாறுவது எண்கள் மட்டும்தான்.

கம்பெனி விட்டுவைக்கும் இடைவெளிக்கும் காரணம் உண்டு. மோசமான டீசல், கோடை வெயில், ஓவர்லோடு, தள்ளிப்போன சர்வீஸ் எல்லாவற்றையும் இன்ஜின் தாங்க வேண்டும். வாடகை வேன் இந்த இடைவெளியைத் தினமும் பயன்படுத்திக்கொண்டுதான் ஓடுகிறது.

பழைய இன்ஜினில் என்ன ஆகும்?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்த இடத்தில் டீசலை மட்டும் கூட்டினால் அது முழுசாக எரியாது. கரும்புகை வரும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும்.

அந்தச் சூடுதான் ஆபத்து. சில நொடி ஓவர்டேக்கில் பிரச்சினை தெரியாது. அரை மணி நேரம் இடைவிடாமல் மலை ஏறும்போதுதான் டர்போவும் பிஸ்டனும் சோதனைக்கு உள்ளாகும். அதற்கும் முன்பே கை கொடுக்காமல் போவது பெரும்பாலும் கிளட்ச். கூடுதல் டார்க்கைத் தாங்க முடியாமல் வழுக்க ஆரம்பிக்கும். பவருக்குச் செலவழித்தவர் அடுத்து கிளட்சுக்கும் செலவழிக்க வேண்டியிருக்கும்.

'பவர் இல்லை' என்றால் முதலில் எதைப் பார்க்கணும்?

ரீல்ஸ் தவறவிடும் முக்கியமான கேள்வி இது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வேனுக்குப் பல நேரம் கூடுதல் பவர் தேவையில்லை. அது தொலைத்த பவர் திரும்பக் கிடைத்தாலே போதும். செலவு குறைவானதிலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம்:

• ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் அடைப்பு. பவர் குறைவதற்கு மிக மலிவான காரணம் இதுதான்.

• டயர் காற்று, பிரேக் பிடிப்பு. வண்டியை ஓட்டிவிட்டு நிறுத்தியதும் ஒரு வீல் மட்டும் அதிகம் சுட்டால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். பாவம், பழி இன்ஜின் மேல் விழுகிறது.

• டர்போ ஹோஸில் விரிசல், தளர்ந்த கிளாம்ப். டர்போ தள்ளும் காற்று வழியிலேயே வெளியேறிவிடும். ஹோஸ் இணைப்பில் புதிதாக எண்ணெய்க் கசிவும், மலையில் விசில் சத்தமும் இதற்கான அறிகுறிகள்.

• ஸ்கேனர் சோதனை. சென்சாரில் கோளாறு என்றால் இசியு தானாகவே பவரைக் குறைத்து வண்டியைப் பாதுகாக்கும். அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் ரீமேப் செய்வது, காய்ச்சலோடு இருப்பவரை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது மாதிரி.

• இஜிஆர் வால்விலும் இன்டேக்கிலும் படிந்த கரி. காற்று போகும் பாதையே சுருங்கியிருக்கும்.

• இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு, கம்ப்ரஷன் சோதனை. கம்ப்ரஷன் குறைந்திருந்தால் எந்த சாஃப்ட்வேரும் உதவாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பு நிறுவனம் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறுபடக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின் 4-வது உட்பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம்.

சாஃப்ட்வேரை மட்டும்தானே மாத்துறோம் என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? 2015-ல் அமெரிக்காவில் சிக்கிய ஃபோக்ஸ்வாகன் செய்த மோசடியும் சாஃப்ட்வேரில்தான். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி டீசல் வாகனங்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்தன. புகையைத் தீர்மானிப்பதே அந்த எண்கள் என்பதால்தான் அது அவ்வளவு பெரிய விவகாரமானது.

பிஎஸ்4 டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் வரம்பு 50 ஹெச்எஸ்யு. செல்லுபடியாகும் புகைச் சான்று இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். வாடகை வண்டிக்கு எஃப்சி தலைவலியும் உண்டு. எட்டு வயது தாண்டிய வண்டி ஆண்டுதோறும் எஃப்சிக்குப் போயாக வேண்டும்.

இன்னொரு விஷயம். 2015 அக்டோபர் 1 முதல் தயாரான போக்குவரத்து வாகனங்களில், விதிவிலக்கு பெற்றவை தவிர மற்றவற்றுக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். ஆக, ஏற்றிய பவர் மலைக்கு உதவலாமே தவிர ஹைவேயில் வேகமாகப் போக உதவாது. வேகக் கட்டுப்பாட்டையும் சேர்த்து எடுத்துவிடுவது தனிக் குற்றம்.

இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

உண்மையான ரிஸ்க் இங்கேதான் இருக்கிறது. இன்ஜினில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டு, விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடித்தால் சொந்த சேதத்துக்கான க்ளெய்ம் மறுக்கப்படலாம். லோன் போட்டு வாங்கிய வண்டி என்றால், வண்டி ஷெட்டில் நிற்கும்போதும் இஎம்ஐ நிற்காது.

இதில் பயணிகளின் பாதுகாப்பும் இருக்கிறது. ரீமேப் பிரேக்கை மேம்படுத்துவதில்லை. ஏறும்போது கிடைக்கும் பவர், இறங்கும்போது 15 பேரோடு வரும் வண்டியை நிறுத்த உதவாது.

அப்போ என்ன செய்யலாம்?

ரீமேப்புக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் முழு சோதனைக்கும் சர்வீஸுக்கும் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் மலையில் வண்டி திணறினால், அந்த வேலைக்கு அந்த வண்டி சின்னது என்று அர்த்தம். ஆட்களையும் லக்கேஜையும் குறைக்கலாம், அல்லது அடுத்த முறை கூடுதல் பவர் உள்ள மாடலைப் பார்த்து வாங்கலாம்.

செகண்ட் ஹேண்ட் வேன் வாங்கப் போகிறவர்களும் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: வண்டியில் ஏற்கெனவே ரீமேப் செய்திருக்கிறார்களா? டெஸ்ட் டிரைவில் வழக்கத்துக்கு மாறாகச் சீறும் வண்டி மகிழ்ச்சி தரலாம். ஆனால் முந்தைய ஓனர் அனுபவித்த பவருக்கான பில், வாங்குபவர் கைக்கு வரலாம்.