எழுபத்திரண்டில் ஒரு பங்கு

கரமனை வீட்டுப் பரணைப் போன மாதம் ஒழித்தபோது, பழைய அகராதிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு ஏர்ஃபிக்ஸ் பெட்டி அகப்பட்டது. உள்ளே பாதி ஒட்டிய பிளாஸ்டிக் விமானம். பள்ளி நாட்களில், வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மாமா கொடுத்தது. விமானத்தின் பெயர் நாட். பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது, பெட்டி பரணுக்குப் போனது. இறங்கி வர முப்பது வருஷம் ஆயிற்று.

நாட் விமானத்தின் மேல் எனக்கிருந்த மோகத்துக்குக் காரணம் நிர்மல் ஜித் சிங் சேகான். 1971 டிசம்பர் 14ஆம் தேதி ஸ்ரீநகர் விமான தளத்தை ஆறு சேபர் விமானங்கள் தாக்கின. குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே நாட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய், அவற்றோடு மோதி உயிர்விட்டார் சேகான். பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர். என் பிளாஸ்டிக் விமானத்தின் இறக்கைகளில் காவி, வெள்ளை, பச்சை வட்டங்களை நானே வரைந்திருந்தேன். வட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

மீண்டும் உட்கார்ந்தேன். 1/72 அளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அவனுடைய தலைக்கவசம் ஒரு கடுகு. விமானியின் கண்ணாடிக் கூண்டில் வெண்படலம் படர்ந்திருந்தது. கிடைத்த அவசரப் பசையால் அன்று ஒட்டியதன் பலன். அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கை மங்க வைத்துவிடும். பற்பசை தொட்டு மெல்லத் தேய்த்ததில் பெரும்பாலும் தெளிந்தது. இதற்கென்று உள்ள பசை வேறு வகை. அது நடுவில் நின்று ஒட்டுவதில்லை; இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். நல்ல மொழிபெயர்ப்பாளன் மாதிரி என்று சொல்ல ஆசைதான்.

சொல்ல விடாமல் தடுத்தது அந்தக் கூண்டு. அதற்குள் இரண்டு இருக்கைகள். சேகான் தனியாகத்தான் போனார்.

அளந்து பார்த்தேன். பெட்டியிலிருந்தது பிரிட்டிஷ் பயிற்சி விமானம். 1965 முதல் 1979 வரை அவர்களுடைய ரெட் ஏரோஸ் சாகசக் குழு சிவப்பு வர்ணத்தில் ஓட்டியது. நம் விமானப்படை வாங்கியதும், பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டியதும் ஒற்றை இருக்கைப் போர் விமானம். நீளம் மூன்றடி குறைவு, இறக்கையும் சிறியது. என் மேஜையில் அந்த மூன்றடி ஒன்றே கால் சென்டிமீட்டர்தான். ஆனால் எத்தனை பேரிடம் 'சேகானின் விமானம்' என்று காட்டியிருப்பேன்! மூலத்தில் இல்லாததை எழுதினால் மற்றவர்கள் பிரதியில் சிவப்புக் கோடு போடுகிறவன் நான்.

வெட்டிக் குறுக்கி ஒற்றை இருக்கையாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கை இல்லை.

"அப்பா, அது சேகான் பிளேன் இல்லேன்னா பின்னே எதுக்குப் பண்றீங்க?" என்றாள் மகள். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிவப்பு வர்ணம் வாங்கியாயிற்று. பழுப்பேறிய ஒட்டுப்படங்களை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டி வைத்திருக்கிறேன். சில வாரங்களில் வெளுக்கும், இடவப்பாதி மழை இடம் கொடுத்தால். காவி வட்டங்களை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டேன். இடது இறக்கையின் அடியில் மட்டும் ஒன்று இருக்கிறது. தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.