படகின் கண்களும் நம் கண்களும்

புளியரை வழியாகக் கேரளம் செல்லும் லாரிகளை இலத்தூர்ப் பகுதி மாணவியராகிய நாம் அறிவோம். எலுமிச்சையும் மிளகாயும் முன்னே தொங்க, கண்ணேறு படாதிருக்கக் கோரமுகம் ஒன்றும் எழுதப்பட்டிருக்கும். தரையில் செல்வோருக்கே இத்தனை அச்சம் என்றால், காலடியில் நிலமே இல்லாத கடலோடிகளின் அச்சம் எத்தகையதாக இருக்கும்!

பண்டைய கிரேக்கர் தம் கப்பல்களின் முகப்பில் கண்கள் எழுதினர். மால்டா தீவின் கத்தோலிக்க மீனவர் தம் 'லுட்சு' படகுகளில் இன்றும் கண்கள் வைக்கின்றனர். தமிழகக் கரையின் தோணிகளிலும் கண்கள் இருந்ததை, சென்னை மாகாண மீன்துறை இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் எழுதிவைத்தார்.

முத்துக்குளிக்கும் துறைகளில் சுறாவை மந்திரத்தால் கட்டும் 'கடல்கட்டி' இருந்தார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவருக்குக் கூலி என்று 13-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மார்க்கோ போலோ கூறுகிறார். 1542-இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்த பின்னும் இவ்வழக்கம் மறையவில்லை. இலங்கையில் 19-ஆம் நூற்றாண்டுக் கடல்கட்டி ஒருவர் கத்தோலிக்கராகவே இருந்தாராம்!

இவற்றைக் கண்டு நகைப்பது அழகன்று. உயிரைப் பணயம் வைப்பவனுக்குத் துணிவு தேவை. அதைச் சின்னங்கள் தந்தன. ஆயினும் ஒரு நம்பிக்கையை நாம் ஏற்பதற்கில்லை. கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலில் கணவனைக் காக்கும் என்பது அது. தகழியின் 'செம்மீன்' நாவல் இந்நம்பிக்கையைச் சுற்றியே எழுந்தது. அப்படியானால் கணவன் திரும்பாவிடில் பழி யார்மீது விழும்? 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரி மாவட்ட மீனவர் பலர் மாண்டனர். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவர்தம் மனைவியர் செய்த பிழை என்ன?

கப்பலில் தீட்டப்படும் இன்னொரு சின்னமும் உண்டு. ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. கோடு நீரில் மூழ்கினால் பாரம் மிகுதி என்று பொருள். இங்கிலாந்தில் பழங்கப்பல்களில் அளவுமீறிச் சரக்கேற்றினர். கப்பல் மூழ்கினாலும் முதலாளிக்குக் காப்பீட்டுப் பணம் கிடைத்தது, மாலுமிகளோ மடிந்தனர். இதை எதிர்த்துச் சாமுவேல் பிளிம்சால் பாராளுமன்றத்தில் போராடினார். 1876-இல் சட்டம் வந்தது. ஆனால் கோட்டை எங்கே இடுவது என்பதை முதலாளிகளின் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர்! 1890-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதன் இடத்தை வரையறுத்தது. அதன் பின்னரே அந்தக் கோடு உண்மையான காவலாயிற்று.

எந்தச் சின்னத்திற்கும் இதுவே உரைகல். அதன் பின்னே மனிதரின் பொறுப்பு நிற்க வேண்டும். படகில் சிலுவை வரைந்தவர் உயிர்காக்கும் உடையையும் வானொலிக் கருவியையும் மறவாது எடுத்துச் செல்லட்டும். இறைவன் தந்த அறிவைப் பயன்படுத்துவதும் வழிபாடே அன்றோ?

பெற்றோரே, கடல் நமக்குத் தொலைவில் இருக்கலாம். பாரம் தொலைவில் இல்லை. எலுமிச்சை கட்டிய ஆட்டோவில் அளவுக்கு மேல் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறோமே, அங்கே பிளிம்சாலின் கோடு எது? அதை வரைய வேண்டியவர்கள் நாம்தாம். "இன்னும் ஒரு பிள்ளைதானே" என்னும்போது "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லத் துணிவோம்.